படியைத் தாழ்த்தினால் போதுமா? ஆம்ஸ்டர்டாம் மெதடோன் பேருந்தும் அதை அளந்து பார்த்த கதையும்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் வேலை பார்த்தேன். ஒரு நாள் காலையில் பெயிண்டிங் வேலைக்குப் போகும் ஓர் அண்ணன், தன் அக்காவோடு வந்தார். பத்து வருடமாக ஊசி. கையில் நரம்பு கிடைக்காமல் தொடையில் போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார். எங்கள் சேர்க்கைப் படிவத்தில் மூன்று நிபந்தனைகள் உண்டு. மூன்று நாளாவது போதை எடுக்காமல் இருந்துவிட்டு வரவேண்டும். அடையாள அட்டை வேண்டும். குடும்பத்தில் ஓர் ஆண் கையெழுத்துப் போடவேண்டும். அக்காவின் கையெழுத்து செல்லாது.

"நிறுத்த முடிஞ்சா நான் ஏன் மேடம் இங்க வரப்போறேன்?" என்று கேட்டார். நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் போய்விட்டார்கள்.

ஏறக்குறைய இதே கேள்வி 1970களில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரத்திலும் கேட்கப்பட்டது. அந்த நகரம் அதற்கு ஒரு பதிலைச் சொன்னது. சொன்னதோடு விடாமல், அந்தப் பதில் வேலை செய்கிறதா என்று இருபது வருடம் ரத்தம் எடுத்து அளந்தும் பார்த்தது. அளந்தபோது முதலில் வந்த முடிவு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமான இடம். அதற்கு முன் மெதடோன் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நம் தோழர்கள் பலர் "போதைக்குப் போதையே மருந்தா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

மெதடோன் ஓபியம் கலக்காமல் ரசாயனத்தில் செய்யப்படும் வலிநிவாரணி. 1930களின் கடைசியில் ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் ஆய்வுக்கூடத்தில் உருவானது. ஹெராயின் ஏறுவதும் வேகம், இறங்குவதும் வேகம். சில மணி நேரத்தில் உடம்பு முறிவு தொடங்கிவிடும். அடுத்த ஊசிக்குக் காசு தேடி ஓடவேண்டும். மெதடோனை வாயில் குடிக்கலாம். மெதுவாக ஏறி ஒரு நாள் முழுக்க நிற்கும். சரியான அளவு கொடுத்தால் உடம்பு முறியாது, தலையும் கிறங்காது. அந்த மனிதர் வேலைக்குப் போகலாம், தூங்கலாம். நியூயார்க்கில் வின்சென்ட் டோல் என்ற ஆய்வு மருத்துவரும் மேரி நைஸ்வாண்டர் என்ற மனநல மருத்துவரும் 22 நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 1965இல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் எப்படியோ அப்படி, நீண்டகால மருந்தாக இதைப் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் கொடுத்த அளவு தாராளமானது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1971இல் நிக்சன் அரசு மெதடோனை நாடு முழுக்கப் பரப்பத் தொடங்கியபோது மருந்தோடு போலீஸ் வாடையும் சேர்ந்து வந்தது. குற்றங்களைக் குறைக்கத்தான் இந்தத் திட்டம் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். எத்தனை வருடமாக அடிமை என்பதற்குச் சான்று, சிறுநீர்ப் பரிசோதனை, தினமும் நேரில் வருகை என்று 1972இல் விதிகள் வந்தன. கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் வாழும் பகுதிகளில் இதை எப்படிப் பார்த்திருப்பார்கள்? நம் ஆட்களை ஆயுளுக்கும் அரசாங்கக் குவளையில் கட்டிப்போடும் சங்கிலியாகத்தான் பார்த்தார்கள். 1970இல் தெற்கு பிராங்க்ஸில் இருந்த லிங்கன் மருத்துவமனையில் யங் லார்ட்ஸ் அமைப்பினரும் பிளாக் பாந்தர்களும் மற்றவர்களோடு சேர்ந்து இடத்தைப் பிடித்துத் தாங்களே ஒரு போதை மீட்பு மையத்தை நடத்தினார்கள். முதலில் மெதடோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுத்தவர்கள், பிறகு அதையும் விட்டு அக்குபங்சருக்குப் போனார்கள். மும்பையில் 1972இல் நம் ஆட்கள் எந்தப் பாந்தர்களின் பெயரைச் சூடிக்கொண்டார்களோ, அதே பாந்தர்கள். அவர்களுடைய சந்தேகத்தை அறியாமை என்று என்னால் தள்ள முடியாது. உன்னைக் கேட்காமல் உனக்காக ஒருவன் மருந்து கொண்டுவந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

ஆனால் சந்தேகம் மருந்தின் மீதா, அதை வைத்திருக்கும் கையின் மீதா? இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் ஆம்ஸ்டர்டாம் உதவுகிறது.

1972 வாக்கில் ஹெராயின் ஆம்ஸ்டர்டாமுக்குள் வந்து வேகமாகப் பரவியது. 1975இல் சூரினாம் சுதந்திரம் அடைவதற்குச் சற்று முன்னும் பின்னும் அந்த முன்னாள் காலனியிலிருந்து பல்லாயிரம் பேர் நெதர்லாந்துக்குக் குடியேறினார்கள். வீடும் வேலையும் அவர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. பைல்மர்மேர் பகுதியில் காலியாகக் கிடந்த அடுக்குமாடி வீடுகளுக்குள் 1974இல் சூரினாமியக் குடும்பங்கள் தாங்களாகவே நுழைந்து குடியேற வேண்டியிருந்தது. அந்த இளைஞர்களில் ஒரு பகுதியினர் ஸீடைக் தெருவில் ஹெராயின் வாங்கவும் விற்கவும் போனார்கள். ஊர் முழுக்க ஹெராயின் என்றால் சூரினாமியக் கறுப்பன் என்ற பேச்சு. உண்மையில் சூரினாமியர் பெரும்பாலும் தாளில் வைத்துச் சுட்டுப் புகையை இழுத்தார்கள். ஊசி போட்டவர்களில் அதிகம் பேர் டச்சு வெள்ளையரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர்களும். பொதுப்புத்தி இதையெல்லாம் எங்கே பார்க்கும்?

அப்போதிருந்த சிகிச்சை மையங்கள் நம்முடைய மையத்தைப் போலத்தான். முழுசாக விட்டுவிடுவதாக உறுதி கொடுத்தால் உள்ளே விடுவார்கள். மறுபடி எடுத்தால் வெளியே. இதனால் நோயாளிகளில் பெரும்பகுதி எந்த மையத்தின் கணக்கிலும் இல்லாமல் தெருவில் கிடந்தார்கள். 1979இல் நகராட்சி சுகாதாரத் துறை ஒரு பேருந்தை எடுத்து அதற்குள் மருந்து கொடுக்கும் மேசையை வைத்தது. குறித்த நேரத்தில் குறித்த இடங்களில் நிற்கும். ஏறவேண்டும், பெயரைச் சொல்லவேண்டும், சின்ன கோப்பையில் மெதடோனை ஊழியர் முன்னாலேயே குடிக்கவேண்டும், இறங்கிப் போய்விடலாம். ஹெராயினை நிறுத்திவிட்டாயா என்று யாரும் கேட்கமாட்டார்கள். சிறுநீர் சோதனை இல்லை. வீட்டுக்கு மருந்து தரமாட்டார்கள், அவ்வப்போது மருத்துவரைப் பார்க்கவேண்டும், ஒரே ஆள் இரண்டு இடத்தில் வாங்காமலிருக்க ஒரு பொதுப் பதிவேடு உண்டு. இவ்வளவுதான் நிபந்தனை. ஓரளவு நிலைப்பட்டவர்களைப் பகுதி மருத்துவமனைக்கோ குடும்ப மருத்துவரிடமோ மாற்றிவிடுவார்கள். பேருந்து ஓடிக்கொண்டே இருப்பதால் "எங்கள் தெருவில் இந்தக் கூட்டம் வேண்டாம்" என்று சண்டைக்கு வருபவர்களுக்கும் பிடி கிடைக்கவில்லை. (சேரிக்குப் பக்கத்தில் எதைக் கட்டினாலும் கேட்காத ஊர், தன் தெருவில் ஒரு மருந்து மேசை வந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும். எல்லா ஊரிலும் ஒரே கதை.)

இப்படிப்பட்ட சேவையை டச்சு மொழியில் தாழ்ந்த நிலைப்படி கொண்டது என்ற பொருளில் அழைத்தார்கள். 'டிரெம்பல்' என்றால் வீட்டு வாசலில் நாம் தாண்டி வைக்கும் அதே நிலைப்படிதான். யார் அதைத் தாண்டலாம், யார் வெளியே நிற்கவேண்டும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இதில் அரசின் கருணையை மட்டும் பார்ப்பது தவறு. 1970களின் இறுதியிலிருந்து போதை பயன்படுத்துவோரே அங்கே சங்கம் கட்டினார்கள். ராட்டர்டாமில் நிக்கோ ஏட்ரியான்ஸ் என்பவர் முன்னின்று தொடங்கிய சங்கத்தின் பெயர் 'ஜங்கிபாண்ட்'. ஜங்கி என்பது வசைச்சொல். தங்களைத் திட்டிய சொல்லையே சங்கத்தின் பெயராக வைத்துக்கொண்டார்கள். நமக்கு இது புதிதல்ல. ஆம்ஸ்டர்டாமில் எம்.டி.ஹெச்.ஜி. என்ற சங்கம் இருந்தது. எங்களைப் பற்றி எடுக்கும் முடிவில் எங்களுக்கும் இடம் வேண்டும், மருந்தைத் தண்டனையாகவும் பரிசாகவும் பயன்படுத்தக்கூடாது என்பது இவர்களின் நிலை.

சங்கத்தின் வேலை 1984இல் நேரடியாகத் தெரிந்தது. நகரின் நடுவில் ஊசி போடுவோருக்கு சிரிஞ்சு விற்றுவந்த ஒரு மருந்துக்கடை விற்பனையை நிறுத்திவிட்டது. ஒரே ஊசியைப் பலர் போட்டால் ஹெபடைடிஸ் பி பரவும் என்று எம்.டி.ஹெச்.ஜி. பயந்தது. நகராட்சி சிரிஞ்சுகளை வாங்கிக் கொடுக்க, சங்கம் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தது. எச்.ஐ.வி.க்கான ரத்தப் பரிசோதனையே பரவலாக வராத நேரம் அது. மஞ்சள் காமாலைக்குப் பயந்து போட்ட அணை, எய்ட்ஸ் வந்தபோது தயாராக நின்றது. 1980களின் முடிவில் வருடத்துக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்ட சிரிஞ்சுகள் இப்படிக் கைமாறின. மெதடோன் பேருந்திலும் சிரிஞ்சு, ஆணுறை கிடைத்தது.

1985 டிசம்பரில் நகராட்சி சுகாதாரத் துறை ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கியது. மெதடோன் கொடுக்குமிடங்களிலிருந்தும், பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்கான மருத்துவமனையிலிருந்தும், ஒருவர் சொல்லி ஒருவராகவும் ஆட்கள் சேர்ந்தார்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் கொடுக்கவேண்டும். எத்தனை முறை ஊசி போட்டாய், யாருடைய ஊசியை வாங்கினாய், எவ்வளவு மெதடோன் குடித்தாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். தொடக்கத்திலேயே, ஊசி போடுவோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது தெரிந்தது.

1992 வாக்கில் முதல் கட்ட முடிவுகள் வெளிவந்தன. பேருந்து மாதிரியான தாழ்ந்த படி மெதடோன் திட்டத்தில் தொடர்ந்து இருப்பவர்களிடம் எச்.ஐ.வி. மற்றவர்களைவிடக் குறைவாக இல்லை. மெதடோனைத் தனியாகப் பார்த்தாலும் சிரிஞ்சு மாற்றத்தைத் தனியாகப் பார்த்தாலும் புதிய தொற்றைத் தடுத்ததாகத் தெளிவான சான்று இல்லை. ஆய்வு செய்தவர்கள் இதை மறைக்காமல் எழுதினார்கள். படியை உயர்த்தச் சொல்பவர்கள் கையில் இது போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "பார்த்தீர்களா, ஓசியில் போதை கொடுத்து என்ன பலன்?"

சமூகவியல் படிக்கும் தம்பி, தங்கைகள் இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். ஒரு தனியார் பள்ளி பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டுகிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே மார்க் குறைந்த பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டது பேனரில் இருக்காது. அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட பக்கத்து அரசுப் பள்ளியின் தேர்ச்சி விகிதம் குறைவாக இருக்கும். எது நல்ல பள்ளி? யாரையும் திருப்பி அனுப்பாத இடத்துக்கு, மற்ற எல்லா இடத்திலும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வருவார்கள். உடம்பு மிக மோசமானவர்கள், வீடில்லாதவர்கள், ஏற்கெனவே தொற்று வாங்கியவர்கள். பேருந்தில் ஏறியவர்களையும் ஏறாதவர்களையும் ஒப்பிடும்போது இந்த வித்தியாசமும் எண்ணிக்கைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நானும் அப்படி ஒரு பேனர் கட்டியவள்தான். அந்த மறுவாழ்வு மையத்தின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையை எழுதியது நான். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்று கணக்குப் போட்டேன். நல்ல விகிதம் வந்தது, நிதி கொடுத்தவர்கள் பாராட்டினார்கள். வாசலில் திருப்பி அனுப்பியவர்களின் எண்ணிக்கை அந்த அறிக்கையில் எங்குமே இல்லை. யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் ஆம்ஸ்டர்டாமின் முதல் முடிவை "மோசமானவர்கள் வந்தார்கள், அதனால்தான்" என்று சொல்லித் தப்பித்துவிடவும் முடியாது. திட்டத்திலும் குறை இருந்தது. கொடுக்கப்பட்ட மெதடோனின் அளவு பலருக்குப் போதவில்லை. அளவு குறைவாக இருந்தால் சாயங்காலமே உடம்பு முறியத் தொடங்கும். அவர் மெதடோனையும் குடிப்பார், ஊசியும் போடுவார். ஊரில் தினமும் பேருந்து வந்தது உண்மை. இலையில் விழுந்தது அரை வயிற்றுச் சோறு. அரசு விடுதிச் சாப்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நல்ல வேளையாக ஆய்வை யாரும் நிறுத்தவில்லை. ஒரே ஆட்களை வருடக்கணக்கில் தொடர்ந்ததால் கேள்வியை மாற்றிக் கேட்க முடிந்தது. 2001இல் வெளியான ஓர் ஆய்வு இறப்பைப் பார்த்தது. மெதடோன் திட்டத்தை விட்டு வெளியே போனவர்கள் இறக்கும் அபாயம், உள்ளே இருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். மெதடோன் அளவு கூடியவர்களிடம் போதை அளவுமீறிய இறப்பு குறைவு. ஹெராயினை நிறுத்தினாரா என்று கேட்காமல் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டவுடன் பேருந்துக்கு வேறு மதிப்பெண் கிடைத்தது. இந்தக் கேள்வியை முதலில் கேட்காமல் விட்டது எப்படி என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

2007இல் வந்தது பெரிய ஆய்வு. 1985 முதல் 2005 வரை பின்தொடரப்பட்ட 714 பேரின் விவரம். இந்த முறை மெதடோனையும் சிரிஞ்சையும் தனித்தனியாகப் பார்க்காமல் சேர்த்துப் பார்த்தார்கள், அளவையும் கணக்கில் எடுத்தார்கள். நாளுக்கு 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ மெதடோன் எடுத்து, ஊசி போட்டால் எல்லாவற்றையும் மாற்று நிலையத்திலிருந்தே வாங்கியவர்கள் ஒருபுறம். இதில் எதிலும் சேராதவர்கள் மறுபுறம். முதல் வகையினருக்கு எச்.ஐ.வி. தொற்று ஏற்படும் வீதம் பாதிக்கும் கீழ், ஹெபடைடிஸ் சி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. குறைந்த அளவு மெதடோன் மட்டும், அல்லது சிரிஞ்சு மட்டும் என்று பாதியில் நின்றவர்களுக்கு அந்தப் பலன் தெளிவாக இல்லை. அதாவது 1992இன் முடிவு பொய்யில்லை. பாதித் திட்டத்தை அளந்தார்கள், பாதித் திட்டத்துக்குரிய பலனைக் கண்டார்கள்.

இதையும் முழு வெற்றிக் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த இருபது வருடத்தில் மிக ஆபத்தாக ஊசி போட்ட பலர் இறந்துபோனார்கள். புதிய தலைமுறை ஊசிப் பக்கம் அதிகம் வரவில்லை. புதிய தொற்று ஏறக்குறைய நின்றதில் இவற்றுக்கும் பங்கு உண்டு என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு ஒன்றுமில்லை என்று செய்த சோதனையும் அல்ல இது.

இப்போது அமெரிக்காவுக்கு ஒரு நிமிடம் திரும்புவோம். டோலும் நைஸ்வாண்டரும் தாராளமாகக் கொடுத்த மருந்து, திட்டம் பெரிதானபோது சுருங்கிப்போனது. 1988இல் மெதடோன் மையங்களுக்கு வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு 60 மில்லிகிராமுக்கும் குறைவாகவே கிடைத்தது. 2000இல் இது மூன்றில் ஒருவராகக் குறைந்தது. டி ஆனோ, பொல்லாக் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இது. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: கறுப்பின நோயாளிகள் அதிகம் இருக்கும் மையங்களில்தான் குறைந்த அளவு கொடுக்கும் பழக்கம் அதிகம். லிங்கன் மருத்துவமனையில் அன்று எழுந்த சந்தேகத்தை இதோடு வைத்துப் பாருங்கள். மருந்து அடிமைப்படுத்தும் என்று பயந்தார்கள். நடந்தது என்னவென்றால், அந்த மருந்தே அவர்களுக்கு அளவாகக் கிள்ளிக் கொடுக்கப்பட்டது. குறைந்த அளவில் நோயாளி மறுபடி ஊசிக்குப் போவார்; "இவர்கள் திருந்தமாட்டார்கள்" என்று கோப்பில் எழுதிவிடலாம்.

நம் பக்கம். சென்னையில் 2005–06இல் ஊசி போடுவோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் சுமார் நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி., பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. இந்தியாவில் மாற்று மருந்துச் சிகிச்சை பெரும்பாலும் நாக்குக்கு அடியில் வைக்கும் பியூப்ரினார்ஃபின் மாத்திரையாக வந்தது. முதலில் தொண்டு நிறுவனங்கள் கொடுத்தன, பிறகு 2007ஐ ஒட்டித் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தன் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. மெதடோன் அதற்குப் பிறகுதான், சில இடங்களில் மட்டும். போதைப்பொருள் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அது அத்தியாவசியப் போதை மருந்துகளின் பட்டியலில் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005இலேயே வந்துவிட்டது.

மருந்து இலவசம். காகிதத்தில் படி தாழ்ந்துதான் இருக்கிறது. உங்களில் யாராவது இதை ஆய்வுக்கு எடுத்தால் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதோடு நிற்காதீர்கள். எத்தனை மில்லிகிராம் கொடுக்கிறார்கள், அளவை யார் முடிவு செய்கிறார்கள், மையம் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று கேளுங்கள். வருவதை நிறுத்தியவர்களின் பெயரை வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.

அந்தப் பெயிண்டர் அண்ணனைப் பிறகு ஒருமுறை பார்த்தேன். வேறொரு மையத்தில் மாத்திரை வாங்கத் தொடங்கியிருந்தார். கை நடுக்கம் இல்லை, கொஞ்சம் சதை பிடித்திருந்தது. தினமும் நேரில் போய் ஊழியர் முன்னால்தான் போட்டுக்கொள்ள வேண்டும். மையம் திறப்பது காலை ஒன்பதரைக்கு. வேலைக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரி எட்டரைக்கெல்லாம் கிளம்பிவிடுவார். வாரத்தில் மூன்று நாள் மாத்திரை, மூன்று நாள் வேலை என்று பிரித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வேலைக்குப் போகிற நாளில் என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.